பங்க் ராக் என்ற முரட்டு, வேக ராக் இசையின் முதல் சில ஆண்டுகளில் தங்களை வெளிப்படையாக கே (தன்பாலீர்ப்பு உள்ளவர்) என்று சொன்னவர்கள் யார் யார்?

மூன்று_கார்டு:

பங்க் இசையின் தொடக்க காலத்து கே கலைஞர்கள் என்று ஒரு பட்டியல் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. டாம் ராபின்சன், பீட் ஷெல்லி, டார்பி க்ராஷ், பாப் மோல்ட், கேரி ஃப்ளாய்ட், ஜேன் கவுண்டி என எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி "வெளிப்படையாக இருந்தவர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இவர்களில் சிலர் அந்த நாளிலேயே மேடையேறி மைக்கில் சொன்னவர்கள். சிலரைப் பற்றி நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரியும். ஒருவர் கடைசிவரை மறைத்தார். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டால், முதலில் வாய்திறந்து சொன்னவர்கள் என்னென்ன பட்டார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

டாம் ராபின்சனையே எடுத்துக்கொள்வோம். 1950இல் பிறந்தவர். பதின்ம வயதில் தனக்குப் பையன்கள் மீதுதான் ஈர்ப்பு என்று தெரிந்தபோது இங்கிலாந்தில் அது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். பதினாறு வயதில் உயிரை விட முயன்று, பிறகு கென்ட்டில் இருந்த ஃபின்ச்டன் மேனர் என்ற விடுதியில் சில வருடங்கள் இருந்து மீண்டவர். அப்படிப்பட்டவர் 1976இல் லண்டனில் நடந்த பிரைட் என்ற கே உரிமைப் பேரணிக்காக 'கிளாட் டு பி கே' எழுதுகிறார். தலைப்பைப் பார்த்தால் கொண்டாட்டப் பாட்டு மாதிரி இருக்கும், கேட்டால் முழுக்கக் கோபம். போலீஸ் கே பப்களில் புகுந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவது, பத்திரிகைகள் எழுதும் விதம், தெருவில் அடி வாங்குவது, கடைசியில் வேலை செய்யும் இடத்திலும் வீட்டிலும் பொய் சொல்லி, மற்றவர்களோடு சேர்ந்து நம்மவர்களையே கிண்டலடித்துத் தப்பித்துக்கொள்கிற ஆள். அந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு நெஞ்சில் குத்துவது, ஏனென்றால் அது கேட்கிற கே ஆளைப் பார்த்தே பாடப்படுகிறது.

1977இல் '2-4-6-8 மோட்டர்வே' பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம் வரை போனது. லாரி ஓட்டுநர்கள் கூடப் பாடக்கூடிய ஜாலியான பாட்டு. அந்த வெற்றிக்குப் பிறகு எந்த நிறுவனமும் அதே மாதிரி இன்னொன்றைத்தான் கேட்கும். 1978 தொடக்கத்தில் ராபின்சனின் குழு விட்டது நான்கு பாட்டுகள் கொண்ட நேரடி நிகழ்ச்சிப் பதிவு, அதில் 'கிளாட் டு பி கே'. தட்டு 18ஆம் இடம் வந்தது. பிபிசி ரேடியோ 1 அதே தட்டிலிருந்த வேறு பாட்டைப் போட்டு ஒதுங்கிக்கொண்டது. லண்டனின் கேபிடல் ரேடியோவிலோ நேயர்கள் ஓட்டுப் போட்டு ஆறு வாரம் இதை முதலிடத்தில் வைத்தார்கள்.

இதைத்தான் நான் வெளிப்படை என்று சொல்வேன். மற்றவர்கள் பற்றி உங்கள் கருத்து என்ன?

---

கேசட்_பெட்டி:

டாம் ராபின்சன் பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவர் பங்க் தானா? ஹாமண்ட் ஆர்கன், சுத்தமான கிடார், கூட்டம் சேர்ந்து பாடுகிற கோரஸ். அது பப் ராக், பங்குக்கு முந்தைய மதுக்கடை ராக். பங்க் அலை அடித்த நேரத்தில் வந்தார், அவ்வளவுதான்.

---

மூன்று_கார்டு:

ஒலியை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 1978 ஏப்ரல் 30, லண்டன் விக்டோரியா பூங்காவில் ராக் அகென்ஸ்ட் ரேசிசம் நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்த நேரம். கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ஸ்டீல் பல்ஸ் எல்லாரும் வாசித்த அந்த மேடையில் கடைசியாக ஏறியது டாம் ராபின்சன் பேண்ட்தான். பாடகர் பில்லி பிராக் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். கிளாஷைப் பார்க்கப் போனவர் அவர். 'கிளாட் டு பி கே' வந்ததும் அவரைச் சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் முத்தமிட ஆரம்பித்திருக்கிறார்கள். நிறவெறிக்கு எதிராக வந்த இடத்தில் இவர்கள் ஏன் இப்படி என்று முதலில் திகைத்து, அன்று சாயங்காலத்துக்குள் இரண்டும் ஒரே சண்டைதான் என்று புரிந்துகொண்டாராம். பங்க் கூட்டத்தின் நடுவில் நின்று அந்தக் கூட்டத்தையே மாற்றியவரை வெளியாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

---

வைகை_இரைச்சல்:

ராபின்சனுக்கு முன்னால் ஜேன் கவுண்டி இருக்கிறார், அவரிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்துக்காரர். 1968இல் நியூயார்க் வந்தார், கே பாரில் போலீஸ் புகுந்ததை எதிர்த்து வெடித்த 1969 ஸ்டோன்வால் கலவரத்தில் தெருவில் நின்றவர். ஆண்டி வார்ஹோலின் 'போர்க்' நாடகம் 1971இல் லண்டன் போனபோது அதில் நடித்தார். அப்போது அவர் பெயர் வெய்ன் கவுண்டி. மேக்ஸஸ் கேன்சஸ் சிட்டி என்ற நியூயார்க் கிளப்பில் இசைத்தட்டு போடும் வேலையும் பார்த்தார், பெரிய விக், கிழிந்த உடை, வாய்கூசும் பாட்டுகளோடு மேடையும் ஏறினார். நியூயார்க் பங்க் குழு ரமோன்ஸின் முதல் ஆல்பம் வருவதற்குச் சில வருடங்கள் முன்பே இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

1976இல் சிபிஜிபி என்ற நியூயார்க் பங்க் கிளப்பில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். டிக்டேட்டர்ஸ் குழுவின் ஹேண்ட்சம் டிக் மனிடோபா, கவுண்டி பாடிக்கொண்டிருக்கும்போது கீழே இருந்து கே என்று வசை பாடிக்கொண்டே மேடையை நோக்கி வந்தார். கவுண்டி மைக் ஸ்டாண்டால் அடித்ததில் மனிடோபாவின் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்தது. போலீஸ், வழக்கு எல்லாம் ஆனது. இதை நிறையப் பேர் ஒரு ராக் அன் ரோல் கலாட்டாக் கதையாக ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வார்த்தையைக் கத்திக்கொண்டு ஒருத்தன் தன்மேல் ஏறி வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று கவுண்டிக்கு நன்றாகத் தெரியும், அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். எல்லாருக்கும் இடம் உண்டு என்று சொல்லிக்கொண்ட சிபிஜிபி கூட்டமும் அன்றைக்குத்தான் தனக்குள்ளேயே அந்த வெறுப்பு இருப்பதை நேருக்கு நேர் பார்த்தது.

1977இல் லண்டன் போய் எலெக்ட்ரிக் சேர்ஸ் குழு, 1978இல் டெரெக் ஜார்மனின் 'ஜூபிலி' படத்தில் ஒரு வேடம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜேன் என்ற பெயர்.

ஒன்று மட்டும். அவர் திருநங்கை. "கே ஆண் கலைஞர்கள்" என்ற தலைப்பின்கீழ் அவரை அப்படியே போட்டுவிட்டுப் போவது சரியல்ல. கே உலகத்தில் வளர்ந்தவர், அதற்காகச் சண்டை போட்டவர். ஆனால் ராக் மேடையில் தன்னைத் திருநங்கையாக முன்வைத்த முதல் சிலரில் ஒருவர் என்பதுதான் அவர் செய்த பெரிய காரியம், அதை அந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

---

நள்ளிரவு_எஃப்எம்:

சேர்ந்ததுதான் சேர்ந்தேன், இடங்களைப் பற்றியும் பேசிவிடலாம். ஆட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

1976 லண்டனில் முடியைப் பச்சையாகச் சாயம் பூசி, நாய்ச் சங்கிலி மாட்டிக்கொண்டு சாதாரண பப்புக்குப் போனால் உதை நிச்சயம். அப்படிப்பட்ட பிள்ளைகளை உள்ளே விட்டது கே கிளப்கள்தான். சோஹோவில் போலந்து தெருவில் லூயீசஸ் என்று லெஸ்பியன் பெண்களின் கிளப் ஒன்று இருந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ், சூசி சூ, அவர்களோடு சுற்றிய பிராம்லி கூட்டம் எல்லாரும் ஆரம்பத்தில் ராத்திரி போய் உட்கார்ந்த இடம் அதுதான். கோவென்ட் கார்டனில் ரோக்ஸி என்று எல்லாப் புத்தகமும் எழுதுகிற பங்க் கிளப், அதற்கு முன்பு ஷகராமாஸ் என்ற கே கிளப். மான்செஸ்டரில் ரேன்ச் பார், அதை நடத்தியவர் ஃபூ ஃபூ லமார் என்ற பெண்வேடக் கலைஞர், பக்கத்திலேயே அவருடைய கேளிக்கை அரங்கம். பஸ்காக்ஸ் குழு தொடக்கத்தில் வாசித்த இடங்களில் ரேன்ச் ஒன்று.

செக்ஸ் பிஸ்டல்ஸ் மேனேஜர் மெக்லாரனும் ஆடை வடிவமைப்பாளர் வெஸ்ட்வுட்டும் லண்டன் கிங்ஸ் ரோட்டில் நடத்திய கடையில் இரண்டு கவ்பாய்கள் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் எதிரெதிரே நிற்கும் படம் போட்ட சட்டை விற்றார்கள். 1975இல் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததற்காக ஆலன் ஜோன்ஸ் என்பவர் கைதானார். கடையில் வேலை பார்த்தவர், தானும் கே. சிலர் அதிர்ச்சி கொடுக்க அந்தப் படத்தை எடுத்துக்கொண்டார்கள், போலீஸ் நிலையத்துக்குப் போனது ஒரு கே ஆள். பங்க் கே உலகத்திடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது, எவ்வளவு திருப்பிக் கொடுத்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சட்டைதான் ஞாபகம் வரும்.

இதோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமில்லை என்று ஆக்கியது 21 வயதுக்கு மேல், நான்கு சுவருக்குள் மட்டும். ஸ்காட்லாந்துக்கு 1980 வரை, வட அயர்லாந்துக்கு 1982 வரை அதுவும் இல்லை. அதாவது பங்க் கேட்டு ஆடிய வயதில் இருந்த கே பையன்கள் பெரும்பாலோர் சட்டப்படி இன்னும் குற்றவாளிகள்.

---

கேசட்_பெட்டி:

இது முக்கியமான விஷயம். ரேன்ச் பற்றி வந்ததால் பஸ்காக்ஸ் பாடகர் பீட் ஷெல்லியையும் இங்கேயே பேசிவிடுவோம். மூன்று கார்டு அண்ணன் அவரை எந்தப் பக்கம் வைக்கிறார்?

---

மூன்று_கார்டு:

ஷெல்லி எந்தப் பக்கத்திலும் அடங்க மாட்டார், அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். இருபாலீர்ப்பு உள்ளவர். அதை மறைக்கவும் இல்லை, கொடி பிடிக்கவும் இல்லை. காதல் பாட்டுகளை எழுதும்போது அவன், அவள் என்று வராமல் பார்த்துப் பார்த்து எழுதினார், நீ, நான் என்று மட்டும். 1978இல் 'எவர் ஃபாலன் இன் லவ்' 12ஆம் இடம் வந்தது. அந்தப் பாட்டு ஒரு ஆணை நினைத்து எழுதியது. அதை வாங்கிய லட்சக்கணக்கான பையன்களும் பெண்களும் தங்கள் தங்கள் ஆளை வைத்துக் கேட்டார்கள். சிலர் இதை ஒளிந்துகொள்வது என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாக் காதலும் ஒன்றுதான் என்று அறிக்கை விடுவதைவிட, எல்லாரையும் ஒரே பாட்டில் அழ வைத்துக் காட்டுவது குறைந்த வேலையா என்ன?

பிறகு 1981இல் தனியாக 'ஹோமோசேபியன்' போட்டார். பிபிசி அதைத் தடை செய்தது. 2018 டிசம்பரில் எஸ்டோனியாவில் இறந்துபோனார். அன்று முழுக்க வேறெதுவும் கேட்கவில்லை நான்.

---

கிழக்குப்_பதிப்பு_இல்லை:

அமெரிக்க மேற்குக் கரையை விட்டுவிட்டீர்களே. 1977–78 லாஸ் ஏஞ்சலீசில் ஸ்க்ரீமர்ஸ் என்ற குழு இருந்தது. கிடாரே கிடையாது, கீபோர்டும் டிரம்ஸும் மட்டும். முன்னால் நின்று பாடியவர் டோமாடா டு பிளென்டி. சியாட்டிலில் பெண்வேட நாடகக் குழு நடத்திவிட்டு வந்த கே கலைஞர். அந்த ஊரிலேயே அதிகக் கூட்டம் சேர்த்த குழுக்களில் ஒன்று, ஆனால் இருந்த காலத்தில் ஒரு ஆல்பம் கூட வெளியிடவில்லை. அதனால்தான் பட்டியல்களில் அவர் பெயர் வருவதே இல்லை. பதிவு இல்லாதவனை வரலாறு எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது பாருங்கள்.

1978இல் நெர்வஸ் ஜெண்டர் என்ற குழு. சின்தசைசரும் இரைச்சலும், நேரடியாக கே விஷயங்களைப் பேசும் பாட்டுகளும். அதில் ஃபிரான்க் என்ற இளம் லெஸ்பியன், ஒட்ட வெட்டிய தலைமுடியோடு. பிறகு அவர் அகூஸ்டிக் கிடாரை எடுத்துக்கொண்டு, பங்க் பிள்ளைகள் ஸ்வஸ்திகா மாட்டிக்கொள்வதைக் கண்டித்து ஒரு பாட்டு எழுதி அதே கூட்டத்துக்கு முன்னால் பாடினார். யூதப் பெண், லெஸ்பியன், கையில் மின்சாரக் கிடார் கூட இல்லை. எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

---

பழைய_டிரம்ஸ்:

டார்பி க்ராஷ் அதே ஊர்தானே? ஜெர்ம்ஸ் பாடகர். அவர் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டி வந்ததால்தான் உயிரை விட்டார் என்று எங்கோ படித்தேன்.

---

கிழக்குப்_பதிப்பு_இல்லை:

அப்படி ஒரே காரணமாகச் சொல்வது நியாயமில்லை. 1980 டிசம்பர் 7இல் இறந்தபோது அவருக்கு 22 வயது. ஹெராயின் பழக்கம் இருந்தது, வேறு துயரங்களும் இருந்தன. ஒருவர் மனசுக்குள் கடைசியில் என்ன ஓடியது என்று நாம் தீர்ப்பு எழுத முடியாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. டோமாடாவும் ஃபிரான்க்கும் வெளிப்படையாக நடமாடிய அதே ஊரில், அதே இரண்டு மூன்று வருடத்தில், கூட்டம் தலைவனாகப் பார்த்த இவர் தன் ஈர்ப்பை ஒளித்து வைத்திருந்தார். 1979, 80 வாக்கில் ஹாலிவுட்டின் அந்தச் சின்னக் கூட்டத்துக்குள் கடற்கரைப் புறநகர்களிலிருந்து முரட்டுப் பையன்கள் அலை அலையாக வந்தார்கள், நிகழ்ச்சிகள் அடிதடி ஆயின. ஆரம்பத்தில் இருந்த பெண்களும் கே ஆட்களும் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். 1977இல் திறந்திருந்த கதவு, ஹார்ட்கோர் என்ற இன்னும் வேகமான, முரட்டுப் பங்க் வந்ததும் சாத்தப்பட்டது. என் கணிப்பு இதுதான்.

---

டெக்சாஸ்_ரசிகை:

இல்லை. இங்கேதான் நான் குறுக்கே வர வேண்டியிருக்கிறது. "ஹார்ட்கோர் வந்தது, கதவு சாத்தியது" என்ற கதை எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆஸ்டினைப் பாருங்கள்.

டெக்சாஸில் தன்பாலீர்ப்பு உறவு சட்டப்படி குற்றம், 2003இல் உச்ச நீதிமன்றம் லாரன்ஸ் வழக்கில் அதைத் தள்ளும் வரைக்கும். அப்படிப்பட்ட மாநிலத்தில் 1980 வாக்கில் ஹார்ட்கோரின் முன்வரிசையில் நின்ற இரண்டு குழுக்களின் பாடகர்களும் கே. டிக்ஸ் குழுவின் கேரி ஃப்ளாய்ட், பிக் பாய்ஸ் குழுவின் ராண்டி "பிஸ்கட்" டர்னர். இருவரும் கனத்த உடம்புக்காரர்கள், இருவரும் விசித்திர உடைகளில் மேடையேறியவர்கள். நியூயார்க்கில் கலைஞர்கள் நடுவில் நின்று சொல்வது ஒன்று, டெக்சாஸில் சொல்வது வேறு.

கேரி ஃப்ளாய்ட் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று மனச்சாட்சிப்படி மறுத்து, அதற்குப் பதிலாக ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். டிக்ஸ் முதலில் ஒரு போஸ்டர் குழு, அதாவது குழுவே இல்லாமல் நிகழ்ச்சி நடப்பதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். பிறகு உண்மையான குழு வந்தது. தன்னை கம்யூனிஸ்ட் என்றும் கே என்றும் ஒரே மூச்சில் சொல்வார். பெண்ணுடையில், தடித்த மேக்கப்பில் வந்து, புளூஸ் பாடகனுக்குரிய கனத்த குரலில் பாடுவார். 'டிக்ஸ் ஹேட் தி போலீஸ்' 1980இல் வந்தது. போலீஸ்காரன் வாயிலிருந்தே வருகிற மாதிரி எழுதிய பாட்டு, இன்றைக்குக் கேட்டாலும் வயிறு கலங்கும். வேறொரு பாட்டில், ஆபாசப் புத்தகக் கடைக்கு ஒளிந்து வந்துவிட்டு வெளியே தன்னைத் தெரியாதவன் மாதிரி போகிற ஆணை நேராகப் பிடித்து உலுக்குவார். எதிரே நிற்கும் கூட்டத்திலேயே அப்படிப்பட்டவன் இருக்கிறான் என்ற தோரணையில். அதை 1980இல், பியர் குடித்துக்கொண்டு முண்டியடிக்கிற பையன்கள் முன்னால் பாடிய மனிதரைப் பற்றி மூன்று வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. 2024 மே மாதம் இறந்துபோனார்.

பிஸ்கட் வேறு மாதிரி. பாலே பாவாடை, பொம்மைகள், சாக்லேட் உறை என்று எது கிடைத்தாலும் உடையாக மாட்டிக்கொள்வார். பிக் பாய்ஸ் பங்கோடு ஃபங்க் என்ற கறுப்பின ஆட்ட இசையும் வாசிக்கும், ஸ்கேட்போர்டு பையன்களுக்கு உயிர். ஃப்ளாய்ட் அளவுக்குப் பாட்டிலேயே முழக்கமாகச் சொன்னவர் இல்லை, ஆனால் அவர் யார் என்று ஆஸ்டினுக்குத் தெரியும், அந்தப் பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டாடினார்கள். நிகழ்ச்சி முடிவில் கூட்டத்தைப் பார்த்து, போய் நீங்களே ஒரு குழு தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்புவது அவர்கள் வழக்கம்.

இரண்டு குழுவும் சேர்ந்து ரவுல்ஸ் கிளப்பில் பதிவு செய்து ஆளுக்கு ஒரு பக்கமாக ஆல்பம் போட்டார்கள், 1980இல். பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த மெக்சிகோ வம்சாவளியினரின் பார் அது.

---

பழைய_டிரம்ஸ்:

பேட் பிரெய்ன்ஸ் விஷயமும் ஆஸ்டினில்தானே நடந்தது?

---

டெக்சாஸ்_ரசிகை:

ஆமாம், 1982இல். பேட் பிரெய்ன்ஸ் எவ்வளவு பெரிய குழு என்று சொல்லத் தேவையில்லை, கறுப்பின இளைஞர்கள் நால்வர், ஹார்ட்கோருக்கு வேகத்தையே கற்றுக்கொடுத்தவர்கள். அதற்குள் ஜமைக்காவில் தோன்றிய ராஸ்டஃபாரி மதநம்பிக்கைக்கு வந்திருந்தார்கள், அதன் பெயரால் தன்பாலீர்ப்பைப் பாவம் என்றார்கள். ஆஸ்டின்காரர்கள் அவர்களை வரவேற்று வீட்டில் தங்கவைத்தார்கள். பிஸ்கட் கே என்று தெரிந்ததும் பேச்சு முற்றி, வசை எழுதிய சீட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள் என்பது பிக் பாய்ஸ் தரப்பும், எம்டிசி குழுவின் டேவ் டிக்டரும் சொல்லிவந்தது. டிக்டர் சும்மா இருக்கவில்லை, நாடு முழுக்கப் பங்க் பத்திரிகைகளில் இது விவாதமானது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கே இல்லாத பங்க் ஆட்களும் பிஸ்கட் பக்கம் நின்றார்கள் என்பதுதான். தாங்கள் உயிராக மதித்த ஒரு குழுவைப் பகைத்துக்கொண்டு நின்றார்கள். 1976 சிபிஜிபியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது, 1982 ஆஸ்டினில் பெரும்பாலோர் ஒரே பக்கம். அப்புறம் எப்படி ஹார்ட்கோர் கதவைச் சாத்தியது என்று மொத்தமாகச் சொல்ல முடியும்?

---

கிழக்குப்_பதிப்பு_இல்லை:

ஆஸ்டின் பற்றிய உங்கள் வாதம் வலுவானது, ஏற்கிறேன். ஆனால் அது சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், பிஸ்கட் அவர்களுடைய ஆள். மினியாபொலிஸைப் பாருங்கள். ஹஸ்கர் டூ 1979இல் தொடங்கியது. பாப் மோல்ட் கே, டிரம்ஸ் வாசித்துப் பாடிய கிரான்ட் ஹார்ட் இருபாலீர்ப்பு உள்ளவர். நெருங்கியவர்களுக்குத் தெரியும், ஆனால் பொதுவில் பேச்சில்லை. மோல்ட் பற்றி அச்சில் வந்தது 1994இல் ஸ்பின் பத்திரிகையில், அதற்குள் குழு கலைந்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது. ஒரே காலம், ஒரே இசை, ஒரே மாதிரி வேனில் அதே ஊர்களைச் சுற்றியவர்கள். சிலரால் சொல்ல முடிந்தது, சிலரால் முடியவில்லை. சொல்லாதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

---

வைகை_இரைச்சல்:

நியூயார்க்கிலிருந்து இன்னும் இரண்டு பேர், விட்டுவிட்டால் மனசு கேட்காது. மம்ப்ஸ் குழுவின் பாடகர் லான்ஸ் லவுட். 1973இல் பிபிஎஸ் தொலைக்காட்சி ஒரு கலிஃபோர்னியக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையைத் தொடராகக் காட்டியது, அந்த வீட்டு மூத்த மகன் இவர். கே என்பதை ஒளிக்காமல் நாடே பார்க்க இருந்தார். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. ஒளிய வேண்டிய ஆள் நேராக நியூயார்க் வந்து மம்ப்ஸோடு மேக்ஸஸிலும் சிபிஜிபியிலும் பாடினார். இரண்டு சிங்கிள்தான் வந்தது, ஆல்பம் வரவே இல்லை. 2001இல் இறந்தார்.

இன்னொருவர் டேனி ஃபீல்ட்ஸ், இசைக்கலைஞர் இல்லை. ஸ்டூஜஸ், எம்சி5 இரண்டையும் எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனத்துக்குள் கொண்டுவந்தவர், ரமோன்ஸின் முதல் மேனேஜர், வெளிப்படையான கே. அவர் காதும் பேச்சும் இல்லாமல் இந்த மூன்று குழுவும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்குமா என்பதே சந்தேகம்.

---

நள்ளிரவு_எஃப்எம்:

கதவு சாத்தியதா இல்லையா என்ற சண்டைக்கு ஒரு சாட்சி. 1985இல் டொரொண்டோவில் ஜி.பி. ஜோன்ஸும் புரூஸ் லாப்ரூஸும் 'ஜே.டி.ஸ்' என்று நகலெடுத்த சிறுபத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள். ஹார்ட்கோர் கூட்டம் கே ஆட்களை வெறுக்கிறது, கே உலகமோ பங்கை ஒதுக்குகிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம் என்ற கோபத்திலிருந்து பிறந்தது. குயர்கோர், அதாவது கே ஆட்களின் பங்க், என்ற பெயரில் வளர்ந்தது அதுதான். 1991இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பான்சி டிவிஷன் என்ற கே குழு வந்தது, 1994இல் கிரீன் டே தங்கள் சுற்றுப்பயணத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய அரங்குகளில் முதலில் பாட வைத்தார்கள்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஃப்ளாய்டும் கவுண்டியும் இருந்தும், இவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முந்தையவர்களின் தட்டுகள் அச்சில் இல்லை, புத்தகங்களில் பெயர் இல்லை. டெக்சாஸ் ரசிகை சொல்வதும் உண்மை, கிழக்குப் பதிப்பு சொல்வதும் உண்மை என்று நான் நினைப்பது இதனால்தான்.

---

பழைய_டிரம்ஸ்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இதில் ராபின்சனும் பஸ்காக்ஸும் தவிர நான் எதுவும் கேட்டதில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

---

டெக்சாஸ்_ரசிகை:

டிக்ஸின் 1983 ஆல்பம் 'கில் ஃப்ரம் தி ஹார்ட்'டிலிருந்து தொடங்குங்கள். ஹெட்ஃபோனில் வேண்டாம், ஸ்பீக்கரில், சத்தமாக. அது பிடித்தால் பிக் பாய்ஸ். பிறகு எலெக்ட்ரிக் சேர்ஸ், ஆனால் வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்து. ஸ்க்ரீமர்ஸுக்கு ஆல்பம் தேட வேண்டாம், பழைய வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன, டோமாடாவின் முகத்தைப் பார்க்காமல் அந்தக் குழு புரியாது.

---

மூன்று_கார்டு:

ராபின்சனின் அந்த நேரடிப் பதிவையும் மறுபடி ஒரு தடவை கேளுங்கள், கூட்டம் கோரஸில் சேரும் இடத்தில் கவனம் வைத்து. முதல் தடவை கொஞ்சம் பேர்தான் பாடுவார்கள்.